சாயம் போய்விட்டது, உப்பு போகவில்லை

எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பேனா செருகியிருக்கும். அது எழுதாது. தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவரிடம் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் அது. மழை பெய்து நாலு நாள் கழித்து ஒரு முறை, கோடையில் வாரத்துக்கு ஒரு முறை, கிணற்றில் வாளி விட்டு மொண்டு பார்ப்பார். எண் ஏறியிருந்தால் மகனிடம், "மாட்டுக்கு இது வேண்டாம் கண்ணு, பஞ்சாயத்துத் தண்ணி புடிச்சு வை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்த எண்ணை அவர் எங்கும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்து யாரிடம் காட்டுவது என்று கேட்கிறார்.

பல்லடம், திருப்பூர் பக்கத்து விவசாயிகளுக்கு 2100 என்ற எண் மனப்பாடம். ஒரு லிட்டர் கழிவு நீரில் கரைந்திருக்கும் உப்பு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. குடிநீருக்கு 500 நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை குடிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர்கள்கூட டி.டி.எஸ். என்று சரளமாகச் சொல்லும் ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. நோய் வந்த வீட்டில் மருந்தின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருப்பது போலத்தான் இதுவும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு என்றதும் வெளியூர்க்காரர்கள் கண்ணில் வருவது சிவப்பும் நீலமுமாக ஓடும் நொய்யல் ஆறு. பத்திரிகைகளில் வந்த படங்கள் அப்படி. ஆனால் நிறம் சின்ன விஷயம். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் கசடாக அடியில் இறங்கிவிடும். இறங்காதது உப்பு.

பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தானாக நூலில் ஏறாது. தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும் சாயத்தை நூலுக்குத் தள்ளிவிட உப்பு வேண்டும். சாதா உப்பு அல்லது கிளாபர் உப்பு. வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு இருபது, முப்பது கிராம் போதும். கறுப்பு, கருநீலம் என்றால் எண்பது கிராம் வரை போகும், அதற்கு மேலும் போகும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று சிக்கனமான இயந்திரத்துக்கே கணக்குப் போட்டாலும் ஒரு கிலோ கருநீலத் துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் உப்பு. பழைய வின்ச் இயந்திரங்கள் இதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடித்தவை. இந்த உப்பில் ஒரு சிட்டிகைகூடத் துணியோடு போவதில்லை. வேலை முடிந்ததும் முழுதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். ஐரோப்பாவுக்குப் போகும் டி-ஷர்ட்டின் நிறம் அவர்களுக்கு, உப்பு நமக்கு. முப்பது ஆண்டுப் பிரச்சினையின் அடிக்கணக்கு இவ்வளவுதான்.

இந்தக் கதையில் பல்லடத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பூரே பல்லடம் தாலுகாவில் ஒரு ஊர். பிள்ளை வளர்ந்து தாயை மிஞ்சியது. 2009இல் பிறந்த மாவட்டத்துக்கும் திருப்பூர் பெயர்தான். பல்லடத்துக்கு விசைத்தறியும் கறிக்கோழியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மேட்டுக்காடு இது. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும். மற்றபடி கிணறும் போரும்தான். 1990களில் திருப்பூரில் பட்டறைகள் பெருகியபோது ஊருக்குள் நல்ல தண்ணீர் தீர்ந்துபோய், சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போயிற்று. தண்ணீர் லாரிகளின் புழுதி இன்னும் நினைவிருக்கிறது. கடலை போட்டுக் கிடைப்பதைவிடத் தண்ணீர் விற்றுக் கிடைத்தது அதிகம் என்று பண்ணையத்தைக் குறைத்தவர்கள் உண்டு. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நல்ல தண்ணீரை விலைக்கு அனுப்பிய இதே பூமிக்கு அது உப்புத் தண்ணீராக இலவசமாகத் திரும்பி வந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

திரும்பி வந்த தண்ணீருக்கு ஒரு நினைவுச் சின்னமே இருக்கிறது. சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணை. ஈரோடு, கரூர் மாவட்ட வயல்களுக்குப் பாசனம் தர நொய்யலுக்குக் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. அணை கட்டச் சொல்லிப் போராடுவார்கள், தண்ணீர் திறக்கச் சொல்லிப் போராடுவார்கள். திறக்காதே என்று ஆயக்கட்டு விவசாயிகளே போராடிய அணை, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான். மூடி வைத்தால் சுற்றியுள்ள கிணறு கெடும். திறந்துவிட்டால் கீழே உள்ள வயலும் காவிரியும் கெடும். இதற்கு எந்தப் பொறியாளரிடமும் விடை இல்லை.

சட்டம் இல்லாமல் இது நடந்ததா? அதுதான் இல்லை. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் வாரியம் 1982இல் அமைந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986. நொய்யல் உள்ளிட்ட ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலை எதுவும் புதிதாக வரக் கூடாது என்று 1989இல் தமிழக அரசே ஆணை போட்டது. சட்டம், வாரியம், அரசாணை மூன்றும் கண் முன்னால் இருக்கும்போதுதான், 1980களின் தொடக்கத்தில் நூறுக்கும் குறைவாக இருந்த சாய, சலவைப் பட்டறைகள் 1990களின் கடைசியில் எண்ணூறைத் தாண்டின. ஒவ்வொன்றுக்கும் மின் இணைப்பை யாரோ கொடுத்தார்கள். கட்டட அனுமதியில் யாரோ கையெழுத்துப் போட்டார்கள். பட்டறை முதலாளியை மட்டும் திட்டிவிட்டு நாம் எழுந்து போய்விடுவது வழக்கம். அந்தக் கையெழுத்துகளையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கடைசியில் சட்டத்தை ஓட வைத்தவர்கள் கடைமடை விவசாயிகள். கரூர்ப் பக்கத்து வாய்க்கால் விவசாயிகளும் பிறகு நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கமும் உயர் நீதிமன்றம் போனார்கள். சுத்திகரிப்பு நிலையம் கட்டாவிட்டால் மூடு என்று 1998இல் உத்தரவு வந்தது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவல் வெளியானதும் அதே ஆண்டுதான். நீதிமன்றமும் நாவலாசிரியரும் ஒரே சமயத்தில் பார்த்ததை வாரியம் பார்க்கவில்லை. நிலையங்கள் கட்டினார்கள். அவை நிறத்தை எடுத்தன, உப்பை விட்டுவிட்டன. கண்ணுக்குத் தெளிவாக, நாக்குக்குக் கரிப்பாக ஆறு ஓடிற்று.

வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பின்படி அமைந்த சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம், 2004 டிசம்பரில் நொய்யல் விவசாயிகளின் இழப்பைக் கணக்கிட்டது. 68 கிராமங்கள், 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள், ஏறக்குறைய 25 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராது. அதுவும் 2002 முதல் 2004 வரையிலான காலத்துக்கு மட்டும். கிணறு போன குடும்பத்துக்கு அது ஒரு கறவை மாட்டின் விலையில் பாதிகூட இல்லை.

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இன்னொரு வழியைப் பார்த்தது. சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் என்றது. முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10. கெடு முடிவதற்குள் ஏற்பாடு செய்து முடிப்பதற்கான நெருக்கடியாகத்தான் நீதிமன்றம் இதை நினைத்திருக்கும். அனுபவத்தில் நடந்தது வேறு. அபராதம் கட்டிவிட்டோமே என்று கழிவு தொடர்ந்து போயிற்று. சுத்திகரிக்கும் செலவைவிட அபராதம் மலிவாகிவிட்டால் அது சுங்கச்சாவடி ரசீது மாதிரி ஆகிவிடுகிறது. காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆலை முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபர் 6 அன்று அங்கேயும் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. மூன்று மாதம் அவகாசம் என்றார்கள். மூன்று மாதம் பதினைந்து மாதமாயிற்று. 2011 ஜனவரி 28 அன்று, எல்லாப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஊரே அடங்கிற்று. வெளிமாவட்டத் தொழிலாளர்கள் மூட்டை கட்டி ரயிலேறினார்கள். அந்த நாட்களில் கஷ்டப்பட்டவர்களில் கழிவை ஆற்றில் விட்டவர்களைவிட அவர்களிடம் தினக்கூலி வாங்கியவர்களே அதிகம். சட்டத்தை முப்பது ஆண்டுகள் தூங்கவிட்டு ஒரே நாளில் எழுப்பினால் அடி கீழே இருப்பவன் தலையில்தான் விழும்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் கவனிக்க வேண்டும். தொழில் அழிந்துவிடும் என்று அன்று சொல்லாதவர்கள் இல்லை. அழியவில்லை. பிறகு ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. பல்லடம் சாலையில் இருக்கும் அருள்புரம் நிலையம் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி நல்ல தண்ணீரைப் பிரிப்பது, மிஞ்சும் கெட்டி உப்புநீரைச் சுத்தம் செய்து அதையே திரும்பச் சாயம் போடப் பயன்படுத்துவது என்ற முறை அங்கேதான் ஓட்டிக் காட்டப்பட்டது. நுட்பத்தின் அழகு அதன் எளிமையில் இருந்தது: உப்பை ஆவியாக்கிக் குவிக்க ஏன் செலவழிக்க வேண்டும், பட்டறைக்கே உப்பு தேவைதானே. அருள்புரம் ஓடியதும் மற்றவை ஒவ்வொன்றாகத் திறந்தன. மூடியபோது ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கோடி ரூபாயளவில் இருந்த திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி இன்று நாற்பதாயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. சட்டத்தை இறுக்கினால் தொழில் போய்விடும் என்று இனி யாராவது மேடையில் சொன்னால் அருள்புரம் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுங்கள்.

சரி, பிறகு ஏன் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மீட்டரோடு அலைகிறார்?

உறுப்பினராகச் சேர்ந்த பட்டறைகளின் கழிவு குழாய் வழியாகப் பொது நிலையத்துக்குப் போகிறது. அந்த வழிக்கு வராதவையும் இருக்கின்றன. 2011க்குப் பிறகு ஊருக்கு ஒதுக்குப்புறமாக, பழைய கோழிப் பண்ணைக் கொட்டகையிலும் தறிக் குடோனிலும் பெயர்ப் பலகை இல்லாமல் சாயம் போடுவதாக வரும் புகார்கள் நிற்கவே இல்லை. கழிவை ராத்திரியில் ஓடையில் விடுவது பழைய முறை. தூர்ந்த போரில் இறக்கிவிடுவதாக வரும் புகார் அதைவிடக் கொடுமை. ஓடையில் விட்டால் காலையில் யாராவது பார்ப்பார்கள். பூமிக்குள் விட்டதை எந்த ஆபீசர் எட்டிப் பார்ப்பார்? நல்ல மழை பெய்த மறுநாள் ஓடையில் நுரை வந்தால், மழை வரும் என்று யாரோ முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். இந்தக் கணக்கு ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

முறையாக ஓடும் நிலையத்திலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மிஞ்சும் கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கப்படுகின்றன. கொட்டகையும் ஒரு நாள் நிரம்பும். திரும்பப் பயன்படுத்த முடியாமல் எஞ்சும் உப்புநீரை வற்றவைக்கும் ஆவியாக்கி ஓட நீராவி வேண்டும், நீராவிக்கு விறகும் நிலக்கரியும் எரிய வேண்டும். ஆற்றைக் காப்பாற்றியதன் விலையில் ஒரு பகுதியை வானம் கொடுக்கிறது. செய்யாமல் விட்டிருக்கலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 'பூஜ்யக் கழிவு' என்ற பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் வாரியத்திடம் எண் இல்லாமல் இல்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. கருவி நிமிடத்துக்கு நிமிடம் அளந்து சர்வருக்கு அனுப்புகிறது. அருள்புரத்தில் அளந்த எண் சென்னைக்குப் போய்விடுகிறது. அருள்புரத்துக்காரனுக்கு அது தெரிவதில்லை. அவன் கையில் இருப்பது சில நூறு ரூபாய் மீட்டர். ஊருக்குத் தெரியாத எண் இருந்தும் இல்லாத மாதிரிதான். என் கட்சி முழுவதும் இந்த ஒரு இடத்தில் நிற்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது நிலக்கரிச் சுரங்க ஊர்களிலிருந்து. நம் நாட்டிலேயே மேகாலயாவில் கிழக்கு ஜெயந்தியா மலையில் லூக்கா என்று ஒரு ஆறு. மலையெங்கும் எலிவளைச் சுரங்கம். சுரங்கத்திலிருந்து கசியும் அமிலம் கலந்து குளிர்காலத்தில் ஆறு நீலமாகிவிடும், மீன் இருக்காது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் எலிவளைச் சுரங்கத்தைத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் சுரங்கம் ஓடிற்று. 2018 டிசம்பரில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மாண்டபோதுதான் தேசம் திரும்பிப் பார்த்தது. அடுத்த மாதமே மாநில அரசுக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது தீர்ப்பாயம். உத்தரவு இருந்தது, பார்க்கக் கண் இல்லை.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா வேறு கதை. அங்கேயும் மலையுச்சியை வெடி வைத்துத் தகர்த்து நிலக்கரி எடுத்தார்கள். செலீனியம் என்ற நஞ்சு ஓடைகளில் இறங்கிற்று. அங்கே 1972ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. கம்பெனி தன் கழிவைத் தானே அளந்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அளவு மீறியிருந்தால் ஊர்க்காரன் நேராக வழக்குப் போடலாம். சுற்றுச்சூழல் அமைப்புகள் கம்பெனிகளின் சொந்த அறிக்கைகளையே கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போயின. ஆராய்ச்சிக்கூடமும் வேண்டாம், ராத்திரிக் காவலும் வேண்டாம். கம்பெனியே எழுதிக் கொடுத்த எண் அது, மறுக்க முடியாது. பேட்ரியாட் கோல் என்ற பெரிய சுரங்க நிறுவனம் 2012 நவம்பரில் சமரசத்துக்கு வந்து, மலையுச்சித் தகர்ப்பையே படிப்படியாக நிறுத்திக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டது.

இதற்கு இணையான ஒன்று நம் சட்டத்திலும் இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. நீர்ச் சட்டத்தின் 49ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். குற்றம் நடக்கிறது என்று வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேராக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். அப்படிப் புகார் செய்தவர் கேட்டால் வாரியம் தன்னிடம் உள்ள அறிக்கைகளைக் கொடுக்க வேண்டும். 'பொதுநலனுக்கு எதிரானது' என்று கருதினால் மறுக்கலாம் என்று ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள்; கிணற்று நீரின் உப்பளவு எந்தப் பொதுநலனுக்கு எதிரானது என்று கேட்டு யாராவது அந்தச் சந்தையும் அடைக்க வேண்டும். 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த உரிமை இது. பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. நொய்யல் வழக்குகளில்கூட விவசாயிகள் போனது ரிட் மனு வழியாகத்தான்.

சட்டத்தின் பல் விழுந்துகொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் நாடாளுமன்றம் நீர்ச் சட்டத்தைத் திருத்தி, பல மீறல்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அந்தத் திருத்தம் ஒரு மாநிலத்துக்குப் பொருந்தும். ஆறு பைசா, எட்டு பைசா பாடம் படித்த தமிழ்நாடு இன்னொரு ரசீதுப் புத்தகத்துக்குத் தீர்மானம் போடக் கூடாது என்பது என் எண்ணம். உச்ச நீதிமன்றம் வேறு பக்கம் இழுக்கிறது. 2025 ஜனவரியில் வேலூர்த் தோல் கழிவு வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், கெடுத்த சூழலைச் சீராக்கும் செலவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே நேரடியாக விதித்து வசூலிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. இனி எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று வாரியம் சொல்ல வழியில்லை.

எனக்குப் பெரிய திட்டம் எதுவும் தெரியாது. கேட்பது இரண்டே காரியம். ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலும், அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலும், அன்றைக்கு உள்ளே வந்த கழிவு எத்தனை லிட்டர், திரும்பப் போன தண்ணீர் எத்தனை லிட்டர், உப்பு எவ்வளவு, கசடு எத்தனை டன் என்று பலகையில் ஓட வேண்டும். பல்லடத்தில் கறிக்கோழி விலை தினமும் வெளியாகிறது. ஊரே அதைப் பார்த்துத்தான் கடையில் பேரம் பேசுகிறது. கோழி விலைக்கு முடிந்தது தண்ணீருக்கு ஏன் முடியாது? வருவதற்கும் போவதற்கும் நடுவில் கணக்கு உதைத்தால் எங்கே ஒழுகுகிறது என்று ஊர்க்காரனே கண்டுபிடித்துவிடுவான். இரண்டாவது, ஊராட்சிக்கு இத்தனை கிணறு என்று குறித்து மாதம் ஒரு முறை அளந்து அதே பலகையில் எழுத வேண்டும். மேலே குழாயில் போகாத கழிவு கீழே கிணற்றில் தலைகாட்டாமல் போகாது. பெயர்ப் பலகை இல்லாத பட்டறையைப் பிடிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

முறையாகத் தொழில் செய்யும் சாயப்பட்டறைக்காரர்களும் இதைக் கேட்க வேண்டும். அவர்கள் கோடிக்கணக்கில் கடன் வாங்கி ஆவியாக்கி ஓட்டுகிறார்கள். ராத்திரியில் போரில் இறக்குகிறவன் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போகிறான். பலகை வந்தால் முதல் லாபம் அவர்களுக்கு.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று, கிராம சபை கூட வேண்டும் என்பது அரசு விதி. வழக்கமாகக் குடிநீர் சிக்கனம் பற்றி ஒரு உறுதிமொழி, பிறகு கலைந்துவிடுவார்கள். வரும் மார்ச்சில் பல்லடம் ஒன்றியத்து ஊர்களில், உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மீட்டரோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். எல்லோர் முன்னாலும் அளந்து, எண்ணைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கீழே, நிலையத்தின் எண்ணும் எங்களுக்கு வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நகலை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் அறுபது நாள் முன்னறிவிப்பைக் கொடுக்க 49ஆம் பிரிவு காத்திருக்கிறது.